பட்டியலில் விட்டுப்போன எண்

கூடுவாஞ்சேரி ரயில்வே ஸ்டேஷனை விட்டு வெளியே வந்ததும், சாலையோரத்தில் சாக்கை விரித்து எலுமிச்சம்பழம் விற்கும் ஓர் அம்மாளைப் போன ஞாயிற்றுக்கிழமை பார்த்தேன். தாம்பரம் போகும் மின்சார ரயிலுக்கு இன்னும் அரைமணி நேரம் இருந்தது. பொழுது போகவேண்டுமே என்று, அவர் பழங்களைக் கூறு கட்டுவதை வேடிக்கை பார்த்துக்கொண்டு நின்றேன்.

கூடையிலிருந்து பழங்களை எண்ணி எண்ணிச் சாக்கில் போட்டார். சரியாக அறுபது ஆனதும் நிறுத்திக்கொண்டார். பிறகு மும்மூன்றாகக் கூறு வைக்க ஆரம்பித்தார். இருபது கூறுகள். ஒரு பழம்கூட மிஞ்சவில்லை.

"அது என்ன அம்மா, அறுபது கணக்கு? ஐம்பது, நூறு என்று எண்ணினால் சுலபமாக இருக்குமே?" என்று கேட்டேன்.

அந்த அம்மாள் சிரித்தார். "வெயில் நாள்ல மூணு பத்து ரூபாய்க்குப் போகும், சார். மழை புடிச்சுக்கிட்டா நாலு வைக்கணும், அஞ்சு வைக்கணும், சமயத்துல ஆறும் வைக்கணும். அறுவதுன்னா எப்படிக் கூறு கட்டினாலும் சரியா வந்துடும். அம்பதுன்னு எடுங்க, மூணா வெச்சாலும் ரெண்டு மிஞ்சும், நாலா வெச்சாலும் ரெண்டு மிஞ்சும், ஆறா வெச்சாலும் ரெண்டு மிஞ்சும். மிஞ்சினதை யாரு வாங்குவாங்க?"

பக்கத்தில் உட்கார்ந்து கணக்கு நோட்டைப் புரட்டிக்கொண்டிருந்த அவருடைய பேரன் தலையை நிமிர்த்தினான். எட்டாம் வகுப்புப் படிக்கும் பையன். "அதுக்குப் பேரு வகுத்தி, ஆயா. அறுவதுக்குப் பன்னெண்டு வகுத்தி இருக்கு. அம்பதுக்கு ஆறுதான்" என்றான்.

பையன் சொன்னது சரி. 60 பழங்களை 1, 2, 3, 4, 5, 6, 10, 12, 15, 20, 30, 60 என்று பன்னிரண்டு விதமாக மிச்சமில்லாமல் கூறு கட்டலாம். 50 பழங்களை 1, 2, 5, 10, 25, 50 என்று ஆறே விதமாகத்தான் கட்ட முடியும். 60-க்குக் கீழே உள்ள எந்த எண்ணை எடுத்துக்கொண்டாலும் பன்னிரண்டு கூறு வராது.

நம் முன்னோர்களுக்கும் இந்த விஷயம் தெரிந்திருந்தது. ஒரு நாளை 60 நாழிகையாக வகுத்தார்கள். வருஷங்களுக்கும் 60 பெயர் வைத்துச் சுற்றிவரச் செய்தார்கள். நெல்லை அளக்கும்போது 12 மரக்கால் ஒரு கலம் என்றார்கள். 12, 60 இரண்டும் பங்கு போடுவதற்கு வசதியான எண்கள். பாகப்பிரிவினையில் சண்டை வராமல் காக்கும் எண்கள் என்றுகூடச் சொல்லலாம்.

கும்பகோணத்துக் கணிதமேதை ஸ்ரீநிவாச ராமானுஜன் இந்த எலுமிச்சம்பழக் கணக்கைத்தான் லட்சம் கோடிகளுக்குக் கொண்டு போனார். அந்தக் கதையில் ஒரு வேடிக்கையும் உண்டு, ஒரு பாடமும் உண்டு.

1729-க்கு அப்பால்

ராமானுஜன் என்றதும் எல்லோருக்கும் 1729 நினைவுக்கு வரும். நோயுற்றுப் படுத்திருந்தவரைப் பார்க்க வந்த பேராசிரியர் ஹார்டி, தாம் ஏறிவந்த வாடகைக் காரின் எண் 1729 என்றும், அதில் ஒரு விசேஷமும் இல்லை என்றும் சொன்னாராம். இரண்டு கனங்களின் கூட்டுத்தொகையாக இரண்டு விதத்தில் எழுதக்கூடிய மிகச் சிறிய எண் அது என்று ராமானுஜன் உடனே பதில் சொன்னார். இந்தக் கதையைக் கேட்டுக் கேட்டு, அவர் கண்ணை மூடினால் எண்கள் தாமாக வந்து நின்றன என்றே நம்மில் பலர் நினைத்துக்கொண்டிருக்கிறோம். உண்மை அவ்வளவு சுலபமானதல்ல.

அவர் வாழ்க்கையில் நம் செங்கற்பட்டுச் சீமைக்கும் கொஞ்சம் பங்கு உண்டு. 1887 டிசம்பர் 22-ம் தேதி ஈரோட்டில் பிறந்தவர், சிறு பிள்ளையாகச் சிலகாலம் காஞ்சிபுரத்தில் படித்தார். அன்று காஞ்சிபுரம் செங்கற்பட்டு ஜில்லாவைச் சேர்ந்தது. பிற்பாடு கும்பகோணத்துக்கும் சென்னைக்குமாக அவர் அலைந்த நாட்களில், விழுப்புரம், செங்கற்பட்டு வழியாக வரும் ரயில்பாதை கூடுவாஞ்சேரியைத் தாண்டித்தான் சென்னைக்குப் போயிற்று. இன்றும் அப்படித்தான் போகிறது.

அந்தப் பிரயாணங்கள் சந்தோஷமானவை அல்ல. கணக்கைத் தவிர வேறு பாடத்தில் மனம் செல்லாததால், கும்பகோணம் கல்லூரியில் உபகாரச் சம்பளத்தை இழந்தார். சென்னை பச்சையப்பன் கல்லூரியில் சேர்ந்தார். எஃப்.ஏ. பரீட்சையில் தேறவில்லை. 1912-ல் சென்னைத் துறைமுகத்தில் மாதம் முப்பது ரூபாய்ச் சம்பளத்தில் குமாஸ்தா ஆனார். 1913 ஜனவரியில் ஹார்டிக்குக் கடிதம் எழுதினார். 1914 மார்ச்சில் கப்பல் ஏறினார். கேம்பிரிட்ஜ் போய்ச் சேர்ந்த சில மாதங்களில் முதல் உலகப்போர் மூண்டது.

போர் நடந்துகொண்டிருந்த 1915-ல், லண்டன் கணிதச் சங்கத்தின் வெளியீட்டில் அவருடைய நீண்ட கட்டுரை ஒன்று வந்தது. அச்சில் அறுபது பக்கத்துக்கு மேல். கட்டுரையின் பொருள், மிகு பகு எண்கள். தனக்குக் கீழேயுள்ள எல்லா எண்களையும்விட அதிகமான வகுத்திகளைக் கொண்ட எண்ணுக்கு மிகு பகு எண் என்று பெயர். 2, 4, 6, 12, 24, 36, 48, 60, 120 என்று அந்த வரிசை போகிறது. 60 பழம் எண்ணி எடுத்தாரே, அந்த அம்மாளும் ஒரு மிகு பகு எண்ணைத்தான் எடுத்தார்.

1916-ல் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகம் ராமானுஜனுக்கு ஆராய்ச்சிக்கான பி.ஏ. பட்டம் அளித்ததற்குப் பெரும்பாலும் இந்தக் கட்டுரையே ஆதாரம். எஃப்.ஏ. தேறாதவர் பி.ஏ. ஆனார்.

கூறுகளை எண்ணும் வழி

இவ்வளவு பெரிய எண்களுக்கு வகுத்திகளை எப்படி எண்ணுவது என்று வாசகர்கள் மலைக்க வேண்டாம். வழி மிகவும் எளிது.

எந்த எண்ணையும் பகா எண்களின் பெருக்கலாக உடைக்கலாம். 2, 3, 5, 7, 11, 13 போல, ஒன்றாலும் தன்னாலும் தவிர வேறெதனாலும் வகுபடாத எண்கள்தாம் பகா எண்கள். 60 என்பது 2 × 2 × 3 × 5. இதிலிருந்து ஒரு வகுத்தியைச் செய்யவேண்டுமானால், இருக்கிற இரண்டு 2-களில் ஒன்றும் எடுக்காமல் விடலாம், ஒன்று எடுக்கலாம், இரண்டும் எடுக்கலாம். மூன்று வழி. 3-ஐ எடுக்கலாம் அல்லது விடலாம். இரண்டு வழி. 5-க்கும் அப்படியே இரண்டு வழி. 3 × 2 × 2 = 12. பன்னிரண்டு வகுத்திகள் கிடைத்துவிட்டன.

இனி, குறைந்த எண்ணில் நிறைய வகுத்திகள் வரவேண்டுமானால் சந்தைப் பேரம் மாதிரி யோசிக்கவேண்டும். ஏற்கெனவே உள்ள எண்ணோடு 23 என்ற புதுப் பகா எண்ணைச் சேர்த்தால் வகுத்திகள் இரண்டு மடங்காகும். ஆனால் எண் 23 மடங்கு பெருத்துவிடும். ஒரு 7 மட்டும் இருக்கிற இடத்தில் இன்னொரு 7 சேர்த்தால் வகுத்திகள் ஒன்றரை மடங்குதான் ஆகும். ஆனால் எண் 7 மடங்குதான் பெருகும். எதைச் சேர்த்தால் லாபம், எதை விட்டால் லாபம் என்று ஒவ்வொரு படியிலும் கணக்குப் பார்க்கவேண்டும்.

ராமானுஜன் இந்தப் பேரத்துக்குரிய விதிகளைக் கண்டுபிடித்து நிரூபித்தார். மிகு பகு எண்ணில் பகா எண்கள் 2-ல் தொடங்கி நடுவில் ஒன்றும் விடுபடாமல் வரவேண்டும். சிறிய பகா எண் எத்தனை முறை வருகிறதோ, அதைவிட அதிகமுறை பெரிய பகா எண் வரக்கூடாது. எல்லாவற்றிலும் பெரிய பகா எண் ஒரே முறைதான் வரும். இதற்கு 4, 36 என்ற இரண்டே எண்கள் விலக்கு. இப்படிப்பட்ட விதிகளை வைத்துக்கொண்டு, 2-லிருந்து தொடங்கி நூற்றுக்கு மேற்பட்ட மிகு பகு எண்களைப் பட்டியல் போட்டார். கணினி வராத காலம். இந்தப் பட்டியலுக்கு ஒரேயடியான சூத்திரமும் கிடையாது. விதிகள் வழிகாட்டும், ஆனால் ஒவ்வோர் எண்ணையும் பெருக்கி, அக்கம்பக்கத்தோடு ஒப்பிட்டுச் சோதித்துத்தான் சேர்க்கவேண்டும்.

பட்டியலின் கடைசி எண் 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800. இதற்கு 10,080 வகுத்திகள்.

ஓர் இடைவெளி

இத்தனை உழைப்பில் ஓர் எண் விட்டுப்போயிற்று!

அச்சான பட்டியலில் 24,094 கோடியே 2 லட்சத்து 99 ஆயிரத்து 600 என்று ஓர் எண் இருக்கிறது. வகுத்திகள் 4800. அதற்கு அடுத்ததாக நிற்பது 32,125 கோடியே 37 லட்சத்து 32 ஆயிரத்து 800. வகுத்திகள் 5376. இந்த இரண்டுக்கும் நடுவே ஓர் எண் வந்திருக்கவேண்டும். அது 29,331 கோடியே 86 லட்சத்து 25 ஆயிரத்து 600. இலக்கத்தில் எழுதினால் 293318625600.

பென்சிலும் காகிதமும் எடுத்துக்கொண்டால் வாசகர்களே சரி பார்க்கலாம். இந்த எண்ணில் 2 ஆறு முறை வருகிறது, 3 நான்கு முறை, 5 இரண்டு முறை, 7 இரண்டு முறை, 11, 13, 17, 19 தலைக்கு ஒரு முறை. 2-க்கு ஏழு வழி, 3-க்கு ஐந்து வழி, 5-க்கு மூன்று, 7-க்கு மூன்று, மீதி நான்குக்கும் இரண்டிரண்டு வழி. 7 × 5 × 3 × 3 × 2 × 2 × 2 × 2. விடை 5040. முந்தைய எண்ணின் 4800-ஐவிட இது அதிகம். ஆகவே இதுவும் மிகு பகு எண்தான்.

நழுவிய எண்ணின் இரண்டு பக்கத்து எண்களையும் உடைத்துப் பார்த்தால் ஒரு விசித்திரம் தெரிகிறது. இரண்டிலும் 23 இருக்கிறது, 7 ஒரே முறைதான் வருகிறது. நடுவிலே உள்ள எண்ணில் மட்டும் 23 இல்லை, 7 இரண்டு முறை வருகிறது. பின்னால் நிற்கும் பெரிய எண்ணிலிருந்து 23-ஐக் கழற்றிவிட்டு, அதற்குப் பதிலாக ஒரு 3-ஐயும் ஒரு 7-ஐயும் மாட்டினால் நம் எண் கிடைத்துவிடும். 23 போய் 21 வந்ததால் எண் கொஞ்சம் இளைக்கிறது. வகுத்திகள் 5376-லிருந்து 5040 ஆகின்றன. அவ்வளவுதான் பேரம். 23 வந்துவிட்டது என்று வரிசை தொடங்கிய பிறகு, 23 இல்லாத ஓர் எண் நடுவிலே திரும்பவும் தலைநீட்டுகிறது.

இன்னொரு விசித்திரமும் உண்டு. விட்டுப்போன இந்த எண்ணை 23-ஆல் பெருக்கிப் பாருங்கள். 6,74,632 கோடியே 83 லட்சத்து 88 ஆயிரத்து 800 வரும். பட்டியலின் கடைசியில் கம்பீரமாக நிற்கிற அதே எண்! முற்றுப்புள்ளியாக வைத்த எண்ணுக்குள்ளேயே நழுவிய எண் உட்கார்ந்திருக்கிறது.

இந்த விடுதலால் ராமானுஜனுடைய விதி ஒன்றுகூடப் பழுதாகவில்லை. நிரூபணங்கள் எல்லாம் அப்படியே நிற்கின்றன. பட்டியலில் ஒரு வரி விட்டுப்போயிற்று, அவ்வளவே.

அச்சேறாத பக்கங்கள்

கட்டுரையிலும் சில பக்கங்கள் விட்டுப்போயின. ஆனால் அது கைத்தவறால் அல்ல. போர்க்காலத்தில் லண்டன் கணிதச் சங்கத்துக்குப் பணமுடை ஏற்பட்டிருந்தது. அச்சுச் செலவைக் குறைப்பதற்காக, ராமானுஜன் தாம் எழுதியதில் ஒரு பகுதியை அச்சுக்குக் கொடுக்காமல் நிறுத்திக்கொண்டார்.

1919-ல் நோயோடு தாயகம் திரும்பிய ராமானுஜன், 1920 ஏப்ரல் 26-ம் தேதி சென்னை சேத்துப்பட்டில் காலமானார். வயது முப்பத்திரண்டு. அச்சேறாத அந்தப் பகுதி கேம்பிரிட்ஜில் பல வருஷங்கள் கிடந்தது. 1988-ல் அவருடைய தொலைந்துபோன குறிப்பேட்டை அப்படியே படியெடுத்து வெளியிட்டபோதுதான் அதுவும் வெளிச்சத்துக்கு வந்தது. 1997-ல் ழான்-லூயி நிக்கோலா, கீ ரோபன் என்ற இரண்டு பிரெஞ்சு அறிஞர்கள் விளக்கக் குறிப்புகள் எழுதி, ராமானுஜன் பெயரைத் தாங்கிய கணித இதழின் முதல் தொகுதியில் வெளியிட்டார்கள்.

அந்தப் பக்கங்களில் ராமானுஜன் வகுத்திகளின் எண்ணிக்கையோடு நிற்கவில்லை. வகுத்திகளைக் கூட்டினால் வரும் தொகை எவ்வளவு தூரம் போகமுடியும் என்றும் ஆராய்ந்திருந்தார். உதாரணமாக, 12-ன் வகுத்திகளைக் கூட்டினால் 28. பெரிய எண்களுக்கு இந்தத் தொகை எந்த வரம்பைத் தாண்டாது என்பது கேள்வி. இதைப் போய் ஜெர்மானிய மேதை ரீமான் 1859-ல் வெளியிட்ட ஒரு கருதுகோளோடு அவர் தொடர்புபடுத்தினார். பகா எண்கள் எப்படிப் பரவிக் கிடக்கின்றன என்பதைப் பற்றிய கருதுகோள் அது. இன்றுவரை எவராலும் நிரூபிக்க முடியவில்லை. நிரூபிப்பவருக்குப் பத்து லட்சம் டாலர் பரிசு என்று 2000-ம் வருஷம் அமெரிக்காவில் ஒரு கணித நிறுவனம் அறிவித்தது.

1984-ல், மேலே சொன்ன கீ ரோபன் ஒரு முடிவை வெளியிட்டார். வகுத்திகளின் தொகைக்கு ஒரு வரம்பு குறித்து, 5040-க்கு மேற்பட்ட எல்லா எண்களும் அந்த வரம்புக்குள் அடங்குமானால் ரீமான் சொன்னது உண்மை என்றார். ஒரே ஓர் எண் மீறினாலும் அது பொய். 5040! விட்டுப்போன எண்ணின் வகுத்திகளும் அதே 5040 என்பது தற்செயல்தான். கிரேக்க ஞானி பிளேட்டோ, ஓர் உத்தம நகரத்தில் 5040 குடும்பங்கள் இருக்கவேண்டும் என்று தம் நூலில் எழுதியதும் இதே எண்ணைத்தான். நிலமோ, படையோ, வரியோ எதையும் சுலபமாகப் பங்கு போடலாம் என்பது அவர் சொன்ன காரணம். எலுமிச்சம்பழ அம்மாளும் பிளேட்டோவும் இந்த விஷயத்தில் ஒரே கட்சி.

பையன் கேட்ட கேள்வி

இந்தக் கதையில் பாதியைத்தான் அந்தப் பையனிடம் சொல்ல முடிந்தது. எண்ணை உடைக்கும் வழியைச் சொன்னதும், நோட்டின் கடைசிப் பக்கத்தில் விறுவிறுவென்று பெருக்கி, "5040" என்றான். அவன் பக்கங்களைப் புரட்டும்போது சிவப்பு மசிக் கோடுகள் நிறையக் கண்ணில் பட்டன.

"ராமானுஜன்கூடத் தப்பு பண்ணுவாரா, சார்?" என்று கேட்டான். அவன் குரலில் ஆச்சரியத்தைவிட ஆறுதல்தான் அதிகம் தெரிந்தது.

என்ன பதில் சொல்வது? நாம் ராமானுஜனைத் தெய்வப் பிறவி என்று சொல்லிச் சொல்லிப் பிள்ளைகளிடமிருந்து எட்டாத உயரத்தில் வைத்துவிட்டோம். சுவரில் படமாக மாட்டி மாலை போட்டுவிட்டால், அவரிடமிருந்து கற்றுக்கொள்ள ஒன்றுமில்லை என்று ஆகிவிடுகிறது. தெய்வம் வந்து காதில் ஓதிய பட்டியலாக இருந்தால் ஒரு வரி விட்டுப்போக நியாயமில்லை. வேற்று நாட்டில், போர்க்காலத்தில், எண் எண்ணாகப் பெருக்கிச் சோதித்த ஒரு மனிதனின் கைதான் ஒரு வரியை விடும். அந்த இடைவெளி அவருடைய உழைப்புக்குச் சாட்சி. அவருடைய பெருமையை அது ஓர் இம்மியும் குறைக்கவில்லை.

"தப்பு யாருக்கும் வரும், தம்பி. அவர் விட்டதை இப்போது நீயே பெருக்கிச் சரி பார்த்துவிட்டாயே! கணக்கில் அதுதான் விசேஷம். யார் சொன்னாலும், சரியா தப்பா என்று எட்டாம் வகுப்புப் பையனும் பென்சிலால் பார்த்துவிடலாம்" என்றேன்.

அவன் திரும்பவும் நோட்டைப் பிடித்துக்கொண்டான். சற்று நேரம் கழித்து, "சார், 5040-க்கு எத்தனை வகுத்தி தெரியுமா? அதையும் போட்டுப் பார்த்தேன்" என்றான். 2 நான்கு முறை, 3 இரண்டு முறை, 5 ஒன்று, 7 ஒன்று. ஐந்து, மூன்று, இரண்டு, இரண்டு என்று பெருக்கிக் காட்டினான்.

அறுபது!

29,331 கோடிக்கு மேற்பட்ட எண்ணுக்கு 5040 வகுத்திகள். 5040-க்கு 60. 60-க்கு 12. 12-க்கு 6. எல்லாமே மிகு பகு எண்கள். கேம்பிரிட்ஜில் தொடங்கிய கணக்கு, கூடுவாஞ்சேரியில் அவனுடைய ஆயாவின் சாக்கு விரிப்புக்கே வந்து சேர்ந்துவிட்டது.

அதற்குள் ரயில் வரும் சத்தம் கேட்டது. பத்து ரூபாய் கொடுத்து ஒரு கூறு பழம் வாங்கிக்கொண்டு ஓடினேன். பெட்டியில் ஏறிய பிறகு எண்ணிப் பார்த்தேன். மூன்றுக்குப் பதில் நான்கு பழங்கள் இருந்தன. கணக்குச் சொல்லிக் கொடுத்ததற்காக ஒன்று கூடப் போட்டிருக்கிறார் போலும்.

பாவம், அவருடைய மீதிக் கணக்கில் இனி இரண்டு பழம் மிஞ்சும்!